மாடக் கோபுரத்தின் கதவு

அந்தக் கதவுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. இழுத்தால் அறைக்குள் திறக்கும் சாதாரண மரக்கதவு. அப்பால் மாடக் கோபுரத்துக்கு ஏறும் குறுகிய படிக்கட்டு. ஆனாலும் சில நாள் சுண்டுவிரலுக்கே வந்துவிடும். சில நாள் எலாடியா காலைச் சுவரில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையாது.

காதிஸ் துறைமுக நகரத்தில் இப்படிப்பட்ட கோபுரங்கள் ஏராளம். கடல் தாண்டிப் போன தங்கள் கப்பல் திரும்புகிறதா என்று பார்க்க, அந்தக்கால வணிகர்கள் வீட்டு உச்சியில் கட்டிக்கொண்டவை. பூர்கோஸ் என்ற ஊரிலிருந்து வந்த எலாடியா குளிர்காலத்துக்கு வாடகைக்கு எடுத்த மேல்தள வீட்டின் தலையிலும் ஒன்று இருந்தது. ஊரிலுள்ள கோபுரங்களையெல்லாம் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்து வந்தவளுக்கு, தன் வீட்டுக் கோபுரத்தில் நினைத்தபோது ஏற முடியவில்லை.

கீழே மீன் வறுத்து விற்கும் பாஸ்தோராதான் வீட்டுக்காரி.

"ஈரத்துல மரம் ஊதிருக்கும், கண்ணு. கடலோரத்து வீடு. என் புருஷனும் அப்படித்தான் ஊதினாரு. கடைசில எந்த வாசல்லயும் நுழையல."

எலாடியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடை பொருந்தவில்லை. ஈரத்தை அள்ளி வருவது மேலைக்காற்று. அது வீசும்போது கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. லெவாந்தே என்று ஊரார் சொல்லும் வறண்ட கீழைக்காற்று அடிக்கும் நாளில்தான் இறுகியது. வறண்டால் மரம் சுருங்கத்தானே வேண்டும்? கீலுக்கு எண்ணெய் விட்டாள். விளிம்பை இழைத்துப் பார்த்தாள். பயனில்லை.

"லெவாந்தே அடிச்சாத்தான் மாட்டிக்குதுக்கா."

"லெவாந்தே அடிச்சா இந்த ஊர்ல மனுசனுக்கே கிறுக்குப் பிடிக்கும். கதவு பாவம், என்ன செய்யும்? அது கெடக்கட்டும். கேஸ் கணப்பு மூட்டினா பால்கனிக் கதவைக் கொஞ்சம் தெறந்து வை. மூடிட்டுத் தூங்கினேன்னா உன் சவப்பெட்டிக்கு நான்தான் அளவு சொல்லணும்."

எலாடியா அதை மறந்ததேயில்லை. கணப்பு எரியும்போதெல்லாம் கிழக்கே தெருவைப் பார்த்த பால்கனிக் கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும்.

ஊர் பார்க்க வந்ததாகத்தான் பாஸ்தோராவிடம் சொல்லியிருந்தாள். இலையுதிர்காலத்தில் கணவன் கொன்ராதோ தன் காறை எலும்பை உடைத்ததைச் சொல்லவில்லை. அவள் இருக்குமிடம் தங்கை ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

ஜனவரிக் கடைசியில் ஒரு மதியம். லெவாந்தே தெருவை உலுக்கிக்கொண்டிருந்தது. சூப்புக்கு வெண்கல உரலில் பூண்டு இடித்துக்கொண்டிருந்தாள். யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். பாஸ்தோரா மீன் கொண்டு வந்திருப்பாள் என்று திறந்தாள். கொன்ராதோவின் கால் முதலில் உள்ளே வந்தது.

"ஊர் சுத்தினது போதும். கெளம்பு."

"நான் வரல."

"உன் தங்கச்சி வாயில எது நின்னிருக்கு? நல்லாக் கேட்டா எல்லாம் சொல்லுவா."

வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவதில் மேசையோடு சாய்ந்தாள். உரல் உருண்டு கோபுரக் கதவோரம் போய் நின்றது. முடியைப் பிடித்து இழுத்து, விலாவில் மிதித்தான். காறை எலும்பின் பழைய முறிவைத் தேடி அங்கேயும் மிதித்தான். அவள் கத்தியபடியே தவழ்ந்து போய்க் கோபுரக் கதவின் பிடியைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை.

"பாத்தியா? கதவுகூட என் பக்கம்தான்," என்று சிரித்தான். "இரு. நீ கத்துறதை ஊரே கேக்கணுமா?"

பால்கனிக்குப் போய், காற்றை எதிர்த்துத் தோளால் தள்ளி, கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினான்.

காற்றின் ஊளைச்சத்தம் நின்றது. அதே நொடியில் அவள் முதுகுக்குப் பின்னால் கோபுரக் கதவு கடகடவென்று ஆடித் தளர்ந்தது.

எலாடியாவுக்கு விளங்கிவிட்டது. தெருவிலிருந்து பால்கனி வழியாகப் புகும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது அறைக்குள் நெருக்குகிறது. கோபுரத்தின் மேற்குச் சன்னலிலோ கண்ணாடி போய்விட்டதை, ஏற முடிந்த நாட்களில் அவள் பார்த்திருக்கிறாள். மேலே கடந்து ஓடும் காற்று அந்த ஓட்டை வழியாகப் படிக்கட்டிலுள்ள காற்றை உறிஞ்சுகிறது. இந்தப் பக்கம் தள்ளல், அந்தப் பக்கம் இழுப்பு. கதவின் அகலம் முழுக்க ஓர் ஆள் எடைக்கும் மேலாகக் காற்று சாய்ந்து நிற்கிறது. மரத்திலும் கீலிலும் கோளாறே இல்லை.

இழுத்தாள். திறந்தது. ஆனால் உள்ளே போய்ச் சாத்தினாலும் அவன் ஒரே இழுப்பில் திறந்துவிடுவான். தாழ்ப்பாள் வேண்டும். அந்த வீட்டில் அந்தக் கதவுக்கு இருந்த ஒரே தாழ்ப்பாள் லெவாந்தே.

நிலைப்படியில் நின்று, வெண்கல உரலைத் தூக்கி எறிந்தாள். கொன்ராதோ குனிந்தான். உரல் அவன் தோளுக்கு மேலாகப் பறந்து, பால்கனிக் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு தெருவில் விழுந்தது.

"குறி தப்பிருச்சுடி!"

அவள் அவனைக் குறிவைக்கவே இல்லை.

காற்று முட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அவள் படிப்பக்கம் பின்வாங்கினாள். தட்டுகள் பறந்தன, கணப்பு அணைந்தது. கொன்ராதோ தாவிக் கோபுரக் கதவின் விளிம்பைப் பிடிப்பதற்கும் காற்று அதை அறைந்து சாத்துவதற்கும் சரியாக இருந்தது. விறகு ஒடிவதுபோல் அவன் விரல்கள் ஒடிந்தன.

எலாடியா படியில் உட்கார்ந்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். இடுக்கில் நான்கு விரல்நுனிகள் நீலம் பாரித்து நின்றன.

"கொன்னுருவேன்டி!" என்று அலறினான். கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது. "எலாடியா... என் தங்கம்ல, தள்ளிவிடு கதவை."

அவள் காற்று மட்டும் நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

காற்று நிற்கவில்லை. கடைப்பந்தலைக் கிழித்துக்கொண்டு உரல் விழுந்ததுமே பாஸ்தோரா போலீசைக் கூப்பிட்டிருந்தாள். அவளுடைய மாற்றுச்சாவியால் வாசலைத் திறந்து இரண்டு போலீஸ்காரர்கள் நுழைந்ததும், அந்தக் கதவையும் காற்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தியது. இருவரும் சேர்ந்து கோபுரக் கதவை இழுத்தார்கள். கொன்ராதோவின் கூச்சல்தான் கூடியது.

"உசுரோட இருக்கியா கண்ணு?" என்று பாஸ்தோரா அழுதாள்.

"இருக்கேன்கா."

"அம்மா, தாழ்ப்பாளை எடுங்க!" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"தாழ்ப்பாளே இல்ல சார்."

"அப்ப எப்படித்தான் தெறக்கறது?"

எலாடியா சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். வீங்கிய உதட்டால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"முதல்ல அவனோட இன்னொரு கைக்கு விலங்கு மாட்டுங்க. மாட்டியாச்சா? இப்ப கட்டில் மெத்தையை எடுத்து, பால்கனியில கண்ணாடி ஒடைஞ்ச எடத்துல வெச்சு அழுத்திப் பிடிங்க. தெருக்காத்து உள்ள வர்றது நிக்கணும். நின்னதும் கதவை இழுங்க. ஒரு விரல் போதும்."