கூடாரத்துக்கு அடித்த வாசனை

சென்ட் கடைக்காரர் தன் மனைவியை மலைமேல் கூடாரம் போட்டுத் தங்க அழைத்து வந்ததற்கு ஒரே காரணம்தான். வங்கியில் அவளுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் அவர் ‘போகாதே’ என்று சொல்லிவிட வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு, மனைவி எதிரில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வாடகைக் கூடாரம் ஈரச் சாக்கு போல நாறியது. இந்த நாற்றத்தில் எப்படி மனசைத் திறப்பது? அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் உள்ளும் புறமும் மல்லிகை சென்ட்டை அடித்துத் தள்ளினார். போர்வைக்குத் தேனும் வெனிலாவும் கலந்த புதுச் சரக்கு. சட்டையையும் விட்டுவைக்கவில்லை.

அவள் திரும்புவதற்கு முன்னால் வந்து சேர்ந்தவர் வனக்காவலர்.

“சார், வாசல்ல பெரிய போர்டு இருக்கே, படிக்கலையா?”

“அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்தேனே!”

“கரடி வரும்னு போட்டிருக்கு. சோப்பைக்கூட இரும்புப் பெட்டியில வெச்சுப் பூட்டணும். நீங்க கூடாரத்தையே கேக்கா மாத்தி வெச்சிருக்கீங்க!”

“இயற்கையை ரசிக்கணும்னா ஒரு நல்ல வாசனை வேணாமாங்க?”

“கரடிக்கும் அதே அபிப்பிராயம்தான்.”

கூடாரம், போர்வை, சட்டை எல்லாம் பெட்டிக்குள் போயின. குடத்தோடு வந்து நின்ற மனைவி கணவரைக் காட்டி, “இவர உள்ள வைக்கலையா?” என்றாள்.

“இடம் பத்தாதும்மா. ஓடையில முக்கி எடுத்துருங்க.”

பொழுது சாயும் நேரத்தில், ஓடையில் முங்கி எழுந்த கடைக்காரர், காவலர் கொடுத்த காக்கிச் சட்டையில் நடுங்கிக்கொண்டே காருக்குள் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

“கல்யாணமாகி இப்பத்தான் உங்க சொந்த வாசனையே தெரியுது.”

“எப்படி இருக்கு?”

“சுமார்தான்.”

“போகாதே,” என்றார் சட்டென்று.

அவள் சிரிப்பு நின்றது. “இந்த வேலைக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன்னு தெரியுமில்ல?”

தெரியும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அவள் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கியதை அவர் பார்த்திருக்கிறார். பல் தந்தியடிக்க, “சரி, போ. ஆனா தனியாப் போகாதே. நானும் வர்றேன்,” என்றார்.

“அப்போ கடை?”

“அந்த ஊர்க்காரங்களுக்கு மூக்கு இல்லையா என்ன?”