மணி அடிக்காத வெள்ளி

1954 நவம்பர் 22, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. விடியலிலிருந்து பிடித்திருந்த தூறல் அப்போதுதான் விட்டிருந்தது; கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் பாதியை மேகம் மறைத்திருந்தது. தாலுகா அலுவலகத் தாழ்வாரத்தில் சவரியம்மாள் உட்காராமல் நின்றாள். புளிமண்டி நடத்துகிறவள். கடைத்தெருவில் அவளுக்குச் சொந்தமான கட்டடத்தில் ‘பாராமகால் தூதன்’ என்ற வாரப் பத்திரிகையும் அதன் அச்சகமும் வாடகைக்கு இருந்தன. மூட்டை அடுக்க அந்த இடம் தனக்கே வேண்டுமென்று அவள் போட்ட மனுவின் மேல் அன்று தீர்ப்பு. புளிக்கு இடம் தேவைப்பட்டது உண்மை. அந்த இடமே தேவைப்பட்டதற்குக் காரணம் புளி அன்று.

காரணம், அவள் தம்பி ராயப்பன். பர்கூருக்கு அருகே அவர்கள் ஊர் மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவன்; மணியடிப்பது அவன் வேலை. ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் அந்த மணிதான் எல்லாத் தெருவுக்கும் எச்சரிக்கை. ஆனால் பெரிய வியாழன் பூசையில் ஓய்கிற மணி சனிக்கிழமைப் பூசை வரை நாவசைக்காது. ஆண்டவர் பாடுபட்ட அந்த நாட்களில் மணிக்குப் பதில், கையில் பிடித்து அடிக்கும் மரத்தட்டி மட்டுமே ஒலிக்கும். இந்த ஆண்டு பெரிய வெள்ளியன்று பிற்பகல், தெற்குத் தெருவில் கெம்பம்மாவின் கூரை பற்றிக்கொண்டது. ராயப்பன் மரத்தட்டியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாக ஓடினான். பிறகு அதை எறிந்துவிட்டு, எரிகிற வீட்டுக்குள் புகுந்து கெம்பம்மாவைத் தூக்கிவந்தான். அவள் பிழைத்தாள்; உடல் வெந்த அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுவாரம் தூதனின் முதல் பக்கத்தில் ‘இந்துக்கள் வீடு எரிய, மணியடிக்க மறுத்த கிறிஸ்தவன்’ என்று வந்தது. மணி அடித்ததா என்று செய்தியாளர் கேட்டிருந்தார், இல்லை என்றார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஊரறிந்த வழக்கத்தை விளக்கிச் சொல்ல ஊராருக்கும் தோன்றவில்லை. அதே பக்கத்தில் மாடு திருடிய இருவர் பெயரோடு மட்டும் இருந்தார்கள். அவர்களுக்கு மதம் அச்சாகவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் அதை உரக்கப் படித்தார். யாரைப் பற்றிப் படிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த ராயப்பன், “நான் மறுக்கலேன்னு போடச் சொல்லுக்கா” என்றான். அதற்கு இரண்டாம் நாள் இறந்தான்.

அடக்கம் முடிந்ததும் அவள் ஆசிரியர் நாராயணப்பனிடம் போனாள். அவர் நாற்காலி போட்டு, மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“மணி அடிக்கல. அது நெசந்தானேம்மா? நெசத்தத் திருத்தச் சொன்னா எப்பிடி?”

மறுநாள் அவள் வக்கீலைப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பழியெண்ணத்தைச் சொன்னாள். சாமியார் விட்டுவிடச் சொன்னார். விட்டுவிடுகிறேன் என்று சொல்லாமலே எழுந்து வந்தாள்.

இப்போது நாராயணப்பன் குடையை மடக்கிக்கொண்டு படியேறினார். கையில் மை காயாத புரூப் தாள். திருத்தத்தை இந்த வாரமே முதல் பக்கத்தில் போடுவதாகவும், மனுவை வாபஸ் வாங்கினால் போதுமென்றும், அச்சு இயந்திரத்தைப் பெயர்த்தால் பத்திரிகையே நின்றுவிடுமென்றும் சொன்னார்.

அவள் வாங்கிப் படித்தாள். ‘கெம்பம்மாவைத் தீயிலிருந்து மீட்டு உயிர்நீத்தவர் ராயப்பன் என்னும் ஊரார் ஒருவர் என அறிகிறோம்.’ மரத்தட்டியைப் பற்றியும் மறுத்ததாக எழுதியதைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. மீண்டும் படித்தாள்.

“குத்தஞ் சொன்னப்ப அவன் கிறிஸ்தவன். உசுரக் குடுத்தப்ப ஊரார் ஒருத்தரா, எடிட்டரய்யா?”

“கிறிஸ்தவன்னு போட்டா படிக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா” என்றார் அவர், தணிந்த குரலில்.

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். மனு அனுமதிக்கப்பட்டது; ஒரு மாதத்தில் காலி செய்யவேண்டும். அதிகாரி கையெழுத்திட்ட இரண்டு படிகளைக் குமாஸ்தா நீட்டினார். எதிர்மனுதாரரான ஆசிரியரின் படியையும் அவளே கேட்டு வாங்கினாள். புரூப் தாளை நான்காக மடித்து அதன்மேல் வைத்தாள்.

“இதுவும் நெசந்தாங்க. திருத்த முடியாது” என்று நாராயணப்பன் கையில் கொடுத்தாள்.