காயாத தலையணை உறை

1

இந்தக் கதை என் சன்னலில் பிறந்தது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஜார்ஜ் டவுனே தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்த மாதங்கள். எதிர் ஃபிளாட்டின் இரண்டாம் மாடியில் ஒரு வெள்ளைத் தலையணை உறை தொங்கியது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டுக்கு வெளியே வெள்ளைக்கொடி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவும் வழக்கம் அப்போது மலேசியா முழுக்கப் பரவியிருந்தது. ஆனால் இந்த உறை எப்போது பார்த்தாலும் ஈரமாகவே இருந்தது. மீதியெல்லாம் என் கற்பனை.

2

‘பெர்னார்ட் நேர்மையான மனிதர், வறுமையிலும் அவர்...’ (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை வாடகைக்குப் போனது. பிறகு, சேமநிதியில் கிடந்த அவர் பணத்தை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் பெரிய மனதோடு அனுமதித்தது. அதுவும் தீர்ந்தது. நாளைக்கு அரிசி இல்லை. ஆனாலும் சர்ச்சில் ஏழைகளுக்கு வருடக்கணக்காக அரிசிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர், தன் வீட்டில் கொடி கட்டச் சம்மதிக்கவில்லை.

அவர் மனைவி கேத்தரின் ஒரு வழி கண்டுபிடித்தாள். தலையணை உறையை நனைத்துக் கம்பியில் போட்டாள். காயக் காய மறுபடி நனைத்தாள். புரிந்துகொள்பவர்களுக்குக் கொடி, கணவர் கேட்டால் துணி.

(இது கோழைத்தனமா, சாமர்த்தியமா? எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, தீர்ப்புச் சொல்லமாட்டேன்.)

3

முதல் முடிவு: யாரோ வாசலில் அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் போகிறார்கள். எழுதும்போது கண் கலங்கியது. அது என்னுடைய கனவு என்பதால் கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: யாருக்குமே புரியவில்லை, அந்த வீட்டில்... (வேண்டாம்.)

4

ஆகவே கீழ்வீட்டு நூர்ஜானை அனுப்புகிறேன். கடல் பக்கமிருந்து தூறல் மெல்ல வருகிறது. அவள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறாள்.

“கேத்தரின் அக்கா, அது துணியா, கொடியா?”

பெர்னார்ட் பின்னால் வந்து நிற்கிறார். “துணின்னு சொல்லு,” என்கிறார் மெதுவாக.

“ஏன் கேக்குற நூர்ஜான்?” என்கிறாள் கேத்தரின்.

“சும்மாதான்லா. மழை தூறுது, துணின்னா எடுத்திருப்பீங்க.” சற்று நிறுத்துகிறாள். “கொடின்னா நானும் ஒன்னு கட்டலாம்னு பாத்தேன். தனியா கட்ட வெக்கமா இருக்குக்கா.”

கேத்தரின் திரும்பிக் கணவரைப் பார்க்கிறாள். பெர்னார்ட் கம்பியருகே வருகிறார். வாயைத் திறக்கிறார்.

அவருக்காக நான் பேச முடியாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறவன் நான். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், நூர்ஜான் நனைந்துகொண்டிருக்கிறாள்.