சாய்வு வண்டிக்குப் பூஜை

வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். பெயர் பரந்தாமன், மாதனூரில் கிரில் கேட் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷ வெல்டிங்கில் நான் ஒட்டினது எதுவும் இதுவரை விட்டுக்கொண்டதில்லை.

என் மனைவி பாக்யலட்சுமி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். பதினாலு வருஷம் மெஷின் மேல் குனிந்தே இருந்ததில், போன ஜனவரியில் இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது. நிற்கலாம், படுக்கலாம், சாயலாம், ஆனால் நிமிர்ந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பைக், ஆட்டோ, கம்பெனி பஸ் எல்லாவற்றிலும் உட்கார்ந்துதானே போக வேண்டும்? நின்றுகொண்டு போகலாம் என்றால், எங்கள் ரோட்டின் வேகத்தடைகளை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு தடவை ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். மூன்று நாள் வலியில் துடித்தாள்.

ஏப்ரலில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, ஜூன் ஒண்ணாம் தேதி வந்தால் உனக்கு, வராவிட்டால் வேறு ஆளுக்கு என்றார்கள். போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு கிலோமீட்டர் தூரம்தான். அந்த நாலு கிலோமீட்டரைத் தாண்ட வழியில்லை. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் மூன்று சக்கர வண்டியில் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஜாலியாகப் போகிறான். ஈசிசேருக்குச் சக்கரம் வைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. அடுத்த நாளே சதுர பைப்பை அறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

சைக்கிள் கடை காஷிஃப் என் தோஸ்த். முன்பக்கத்துக்குப் பிள்ளைகள் சைக்கிளின் சக்கரம் இரண்டு, பின்பக்கத்துக்கு மோட்டார் வைத்த பெரிய சக்கரம் ஒன்று, எல்லாம் அவன்தான் தேடிப் பிடித்தான். பேட்டரியை சீட்டுக்குப் பின்னால் கட்டினேன். பெடல் உண்டு, மிதிக்க வேண்டிய கட்டாயமில்லை. முன்னால் ஹேண்டில் கிடையாது. சீட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது வண்டி உதறு உதறென்று உதறியது. முன்சக்கரம் இரண்டையும் ஒரு நூல் அளவு உள்பக்கமாகத் திருப்பினேன், அடங்கிவிட்டது.

சீட்டு மட்டும் பாக்யா சொன்னபடி. கட்டிலில் படுத்தபடியே வேலை வாங்கினாள். காஷிஃப் கொண்டுவந்த துண்டுத் தோலை நான் தைக்க, "அவ்ளோ நெருக்கமா தைக்காதீங்க, ஓட்டை ஜாஸ்தியானா தோலு கிழிஞ்சிரும்" என்று அதட்டினாள். அவள் அதட்டி மூன்று மாசம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு தையல் வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.

ஒண்ணாம் தேதிக்குப் பத்து நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, பூஜை. புது வண்டியைப் பூஜை போடாமல் ரோட்டில் இறக்குவார்களா? வாசலில் ரோட்டைப் பார்த்து நிறுத்தினேன். மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம். வாழைப்பழத்தில் ஊதுபத்தி. நல்ல கனமான ரோஜா மாலை. மாலையை எங்கே போடுவது? அதுதான் ஹேண்டில் கிடையாதே! சீட்டின் தலைமாட்டில் போட்டேன். பாக்யா புதுச் சேலை கட்டி வந்து மெதுவாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். மாலை அவள் தோள் இரண்டிலும் வழிந்து மார்பு மேல் விழுந்தது. நான் சூடம் ஏற்றினேன். அவள் கண்ணை மூடிக் கை கூப்பினாள்.

எதிர்வீட்டு அமிர்தவள்ளி கடைக்குப் போய்விட்டு வந்தவள், தெருமுனையிலிருந்தே இதைப் பார்த்தாள். பையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அய்யோ பாக்யா! எங்களை வுட்டுட்டு போய்ட்டியாடி!"

கதவெல்லாம் திறந்தது. வழியில் போன ஒரு ஆள் பைக்கை நிறுத்தி, தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னாப்பா ஆச்சு, சின்ன வயசு போலக்குதே" என்று பூஜைக்கு வந்து நின்ற காஷிஃபிடம் கேட்டான். காஷிஃப் வாயைத் திறந்து திறந்து மூடினான். அந்த நேரம் பாக்யா கண்ணைத் திறந்து தலையைத் தூக்கினாள். அமிர்தவள்ளி போட்ட கூச்சல் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. பாக்யா சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.

"நான் பாடையில ஏற மாட்டேன். வண்டிய உடைச்சு கிரில் கேட்டு செஞ்சுக்கோங்க" என்றாள்.

"வீடியோவுல அவனவன் ஜம்முனு போறான். உனக்கு மட்டும் இன்னா?"

"அவன் ஊர்ல பொணத்தை எப்டி எடுத்துனு போறாங்களோ, எனக்கு தெரியாது. நம்மூர்ல இப்டி தான்."

பதில் தெரியாதபோது நான் கத்துவேன். கத்தினேன். அன்றிலிருந்து ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. வண்டி பட்டறை மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. இரண்டு தடவை கட்டிங் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றேன். பைப் நல்ல பைப், சன்னலுக்கு ஆகும். மனசு வரவில்லை.

சனிக்கிழமை, தேதி முப்பது. அமிர்தவள்ளி ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு வந்தாள். நல்ல மனுஷிதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாக்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்காத பாக்யா. ஒரு நிமிஷம் உசுரே போச்சு எனக்கு. வேலை கெடக்குது வுடு. நீ பேசாம இப்டியே படுத்துனு இரு. உன்னை இப்டி பாத்தா தான் எங்களுக்கு நிம்மதி."

பாக்யா மெதுவாக அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அக்கா, அஞ்சு மாசமா இங்க தான் படுத்துனு கெடக்கறேன். தெனம் வந்து பாக்குற. ஒரு நாளாச்சும் அழுதியா?"

"இல்லையேம்மா."

"வெளிய ஒரு அஞ்சு நிமிஷம் படுத்தேன். ஒடனே அழுதுட்ட."

அமிர்தவள்ளி முழித்தாள். இந்த ஒரு வார்த்தை அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தோன்றியிருந்தால் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

"இன்னாங்க," என்று பாக்யா என்னைக் கூப்பிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு. "வண்டியில சார்ஜ் இருக்குதா?"

இருந்தது. தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். மாலையும் இல்லை, சூடமும் இல்லை. அவள் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தாள். நான் பின்னால் பைக்கில். சர்வீஸ் ரோட்டில் முதல் டீக்கடையிலேயே ஒரு பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். திரும்பிவிடுவாளோ என்று பார்த்தேன்.

"உக்காருங்க பெரிப்பா, டீ ஆறிடும். நான் வேலைக்கு போறேன்" என்றாள் பாக்யா. வேகத்தைக் குறைக்கவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ் தாண்டிப் போனது. சன்னலெல்லாம் தலை. "பாக்யாக்கா! பாக்யாக்கா!" என்று அந்தப் பெண்கள் போட்ட சத்தத்தில் டிரைவரே ஹாரன் அடித்தான். வேகத்தடைகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் என் இடுப்பில் குலுங்குகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை.

கம்பெனி கேட்டில் அவளை இறக்கிவிட ஓடினேன். கையைத் தட்டிவிட்டாள். ஒரு காலை எடுத்து வைத்து, கைப்பிடியை ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, தானே எழுந்தாள். அஞ்சு மாசமாக பாத்ரூமுக்கே என் தோளைப் பிடித்துக்கொண்டு போனவள்.

"சாயங்காலம் வந்து நிக்காதீங்க. நானே வந்துடுவேன்" என்றாள்.

"தனியாவா?"

"பின்ன, தெருவையே கூட்டினு வரணுமா?"

அன்றைக்கு ஒரு கேட்டுக்கு மூன்று கம்பியைத் தப்பாக ஒட்டினேன். ஐந்தரையிலிருந்து பட்டறை வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு வந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் சைக்கிளில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். யாரோ சூப்பர்வைசரைப் பற்றி ஏதோ சொல்லி மூன்று பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பேச்சு சுவாரசியத்தில் பாக்யா என்னைப் பார்க்கவே இல்லை, பட்டறையைத் தாண்டி வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

தூக்கின கையை இறக்கத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.