ஒரே கோப்பில் இரண்டு பேர்

அரியலூரில் ஜவுளிக்கடை மாடியில் இருந்த அந்த ஆபீஸில் நாலு பேர்தான். எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுவது அவர்கள் தொழில். சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை கணினிக்குள் வரும். வெறும் லாரியின் எடையைக் கழித்து, கல்லின் எடையை ரசீதில் அச்சடித்துத் தரும்.

நாலு பேர் ஒரே மென்பொருளை எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒரே கோப்பை இரண்டு பேர் எடுத்துத் திருத்தினால், பின்னால் சேமித்தவருடையது நிற்கும். முன்னால் சேமித்தவரின் வேலை சத்தமில்லாமல் அழிந்துவிடும். இதற்கு முதலாளி அன்பழகன் தன் தொழிலுக்கேற்ற ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எடைமேடையில் லாரிக்காரர்களுக்குக் கொடுக்கும் பித்தளை டோக்கன்கள் கொஞ்சம் வாங்கி வந்து, கோப்புக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டினார். டோக்கனை யார் எடுத்தாரோ அவர்தான் அந்தக் கோப்பைத் தொடலாம்.

அந்த வழி நன்றாகத்தான் நடந்தது, 2005-இல் தென்றல் மகளைப் பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்பும்வரை. ஊர் ஆண்டிமடம். அவளுடைய மாமியார் முந்திரி உடைக்கப் போகிறவர். வாரத்தில் இரண்டு நாள்தான் பேத்தியோடு வீட்டில் இருப்பார். அந்த நாட்களில் தென்றல் ஆபீஸ் வருவாள். மற்ற நாட்களில் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோய் வீட்டுக் கணினியில் வேலை பார்ப்பாள். அப்படி ஒரு நாள், ரசீதுக் கோப்பின் டோக்கனையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் சுரங்கத்து எடைமேடையில் ரசீது தப்பாக வந்தது. சேதி தெரிந்ததும் தென்றல் ஆபீஸுக்குப் போன் செய்தாள். உடன் வேலை பார்க்கும் பிரவீணா எடுத்தாள்.

"டோக்கன் எங்கிட்ட மாட்டிக்கிச்சு பிரவீணா. நீ தெறந்து திருத்திடு."

"நீங்க பாதி திருத்தி வச்சிருக்கீங்கல்லக்கா? இப்ப நான் கை வச்சா, நீங்க வந்து சேமிக்கறப்ப ரெண்டுல ஒருத்தரோட வேலை போயிடும். நீங்க வாங்க, பாத்துக்கலாம்."

தென்றல் வரும்வரை சுரங்கத்துக்காரர்களிடம் பேச்சு வாங்கியது பிரவீணாதான். அதை அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

"இனிமே டோக்கன் வேணாம். இதுக்குன்னு இருக்குற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுடுவோம்" என்றார் அன்பழகன். சர்வர் வேலைகளைக் கவனிக்கும் பழனிவேல் இரண்டைக் கொண்டுவந்தான். முதலாவது டோக்கன் முறையேதான், கணினிக்குள் நடக்கும்: ஒருவர் கோப்பை எடுத்தால் மற்றவர்களுக்குப் பூட்டிவிடும். அன்பழகனுக்கு அது உடனே பிடித்துவிட்டது.

"ஆனா பூட்டிட்டு ஆண்டிமடத்துக்குப் போயிட்டா மறுபடி இதே கததான். எல்லாரும் தெனம் ஆபீஸ்ல இருக்கணும். ஒன்னால முடியுமாம்மா?"

தென்றல் பழனிவேலைப் பார்த்தாள். முடியாது என்றால் வேலை போய்விடும். முடியும் என்பது பொய்.

"ரெண்டாவதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார். இது பேரு சப்வெர்ஷன். யாரையும் பூட்டாது. ஆளுக்கொரு பிரதி, அவங்கவங்க இடத்துல திருத்திக்கலாம்" என்றான் பழனிவேல்.

"ரெண்டு பேரு திருத்துனத கலந்து விட்டுடுமா? ரசத்துல பாலை ஊத்துன மாதிரி ஆயிடும்யா."

பழனிவேல் விளக்கினான். மென்பொருள் இரண்டு பிரதிகளை மட்டும் பார்ப்பதில்லை. இருவரும் எதை எடுத்துத் திருத்தத் தொடங்கினார்களோ, அந்தப் பழைய பிரதியையும் வைத்திருக்கும். மூன்றையும் வரிவரியாக ஒப்பிடும். பழையதிலிருந்து இவர் எங்கே மாறினார், அவர் எங்கே மாறினார் என்று கண்டுபிடிக்கும். இடம் வேறு வேறாக இருந்தால் இரண்டு மாற்றங்களையும் ஏற்றுக்கொள்ளும். பழைய பிரதி இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. வித்தையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

"செஞ்சு காட்டுங்க" என்றார் அன்பழகன்.

அதே ரசீதுக் கோப்பை பிரவீணா ஆபீஸிலும் தென்றல் ஆண்டிமடத்திலும் திருத்தினார்கள். அவரவர் செய்ய வேண்டியதை அன்பழகனே சொல்லியிருந்தார். தென்றல் அடுத்த முறை வந்தபோது, பிரவீணாவின் திருத்தம் ஏற்கெனவே சர்வரில் ஏறியிருந்தது. தென்றல் தன்னுடையதை ஏற்றப் பார்த்தாள். சப்வெர்ஷன் மறுத்தது: உன் பிரதி பழசு, முதலில் புதியதை வாங்கிக்கொள். வாங்கினாள். பிரவீணா மாற்றிய தேதி வடிவமும் தென்றல் சேர்த்த லாரி எண் சோதனையும் ஒன்றாக வந்து அமர்ந்தன. ஆனால் ஓரிடத்தில் மட்டும் இருவர் வரியையும் கீழே மேலே அடுக்கி, நடுவில் கோடு போட்டு நின்றுவிட்டது.

"பாத்தியா, குழம்பிடுச்சு" என்றார் அன்பழகன்.

"குழம்பல சார். ரெண்டு பேரும் ஒரே வரிய மாத்தியிருக்காங்க. எது சரின்னு அதுக்குத் தெரியாது. அதான் நம்மளக் கேக்குது" என்றான் பழனிவேல்.

பிரவீணா திரைக்குக் குனிந்தாள். "ரசீதுல எடைய பத்துப் பத்துக் கிலோவா முழுசாக்கச் சொல்லி நான் எழுதியிருக்கேன். அக்கா அஞ்சுன்னு எழுதியிருக்காங்க."

"அஞ்சுன்னுதான் போன்ல சொன்னாங்க" என்றாள் தென்றல்.

"எங்கிட்ட பத்துன்னு நேர்லயே சொன்னாங்களே."

"யாரு சொன்னது?" என்றார் அன்பழகன்.

இருவரும் அவரையே பார்த்தார்கள். பழனிவேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்பழகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுரங்கத்துக்குப் போன் போட்டார். பத்துக் கிலோதான். போனை வைத்துவிட்டுத் திரையில் இருந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"டோக்கனா இருந்தா பின்னால எடுத்த ஆளு முன்னால போட்டத மாத்திட்டுப் போயிருப்பாங்க. நான் ரெண்டு விதமா சொன்னது எனக்கே தெரிஞ்சிருக்காது. அஞ்சு போட்ட ரசீது லாரியோட போயிருக்கும்" என்றார். பிறகு, "இதையே போடு பழனிவேல். தென்றல், நீ வர்ற நாள்ல வந்தாப் போதும்மா."

தன் வரியைத் தானே அழிக்கிறவர்களுக்குப் பொதுவாக மனம் சுருங்கும். தென்றலுக்கு விரல் பறந்தது. அஞ்சை அழித்துப் பத்தை வைத்தாள். சர்வரில் ஏற்றும்போது, என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று எழுத ஒரு கட்டம் திறந்தது. பக்கத்து மேசையில் பிரவீணா சுரங்கத்துக்காரரிடம், "திருத்துன சாஃப்ட்வேர இன்னிக்கே வந்து வாங்கிக்கங்க சார், அக்கா முடிச்சுட்டாங்க" என்று பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டத்தில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும். தென்றல் அப்படியே அடித்தாள்: பத்துக் கிலோதான் சரி. பிரவீணா எழுதியதை வைத்திருக்கிறேன். அன்றைக்கு என் வேலையை அழிக்காமல் காத்திருந்ததற்கு நன்றி.

போனை வைத்துவிட்டுப் பிரவீணா புதிய பிரதியை வாங்கினாள். குறிப்பைப் படித்தாள்.

"இதுல இதெல்லாமாக்கா எழுதுவாங்க?" என்றாள். "சர்வர்ல ஏறுனது எப்பவும் அழியாதாமே."

"தெரிஞ்சுதான் எழுதுனேன்" என்றாள் தென்றல்.