இரு தரப்புக்கும் தெரிவித்தாயிற்று

என் தம்பி அமைதிப்படைக்கு மொழிபெயர்ப்பாளன். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெள்ளை ஜீப்பில் ஏறிவிட்டால் ஊரையே தான்தான் தாங்குவதுபோல ஒரு மிதப்பு. நான் பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்த மிதப்பெல்லாம் என்னிடம் செல்லாது.

பக்கத்து நாடு எல்லை தாண்டி எங்கள் ஊரை அடிக்கத் தொடங்கியதும் மாடி வார்டை மூடிவிட்டோம். கட்டில்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினோம். துணி துவைக்கிற இடம் அது. சுவரெல்லாம் ஈரம், பினாயில் நெடி. பிள்ளை பெற்ற நாலு பேர் படுத்திருந்தார்கள். வெளியே ஒரு கதவு சாத்தினால்கூட நாலு பேரும் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள்.

காலையில் தம்பி தன் அதிகாரியோடு வந்தான். அவர் வெளிநாட்டுக்காரர், ஊருக்குள் அவருக்குப் பெயர் நெட்டையர். வழக்கம்போல நிலையில் தலையை இடித்துக்கொண்டே நுழைந்தார். கையில் ஒரு சின்னக் கருவி. அதைப் படிக்கட்டில் வைத்து ஏதோ பார்த்தார்.

“ஆஸ்பத்திரி இங்க இருக்குன்னு இடத்தைக் குறிச்சிக்கிறோம்க்கா,” என்றான் தம்பி. “ரெண்டு தரப்புக்கும் சொல்லிடுவோம். அப்புறம் இந்தப் பக்கம் அடிக்க மாட்டாங்க.”

“ரெண்டு தரப்புன்னா? குண்டு போடுறவனுக்குமா?”

“அவனுக்குத்தானேக்கா முக்கியமா சொல்லணும்!”

“கண் ஆஸ்பத்திரியையும் இப்படித்தானே சொன்னீங்க? இப்ப அங்க வெறும் கல்லும் மண்ணுமா கிடக்கு!”

“தவறுதலா விழுந்துடுச்சுன்னு அவங்க சொல்லிட்டாங்க.”

“அவன் சொன்னானாம், இவரு நம்பிட்டாராம்! ஏண்டா, இத்தனை துப்பாக்கி வெச்சிருக்கீங்களே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தடுத்தீங்களா?”

நான் கத்துவது என்னவென்று நெட்டையர் கேட்டார். தம்பி சொன்னான். அவர் கோபப்படவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு மெதுவாகப் பேசினார். தம்பி எடுத்துச் சொன்னான்.

“அமைதிப்படையைச் சுட்டாத்தான் இவங்க திருப்பிச் சுடலாமாம். மத்ததுக்கெல்லாம் உலக நாடுகளோட பெரிய சபை உத்தரவு வேணும். அங்க ஒரு நாடு முடியாதுன்னு சொன்னாலே தீர்மானம் படுத்துடும்.”

“யாரு அந்தப் புண்ணியவான்?”

இதற்குத் தம்பி நெட்டையரைக் கேட்கவில்லை. “அடிக்கிறவனேதான்க்கா. அவனும் அந்த மேஜையில உட்கார்ந்திருக்கான்.”

“நல்லா இருக்குடா நியாயம்! வீட்டுக்குள்ள புகுந்தவன்கிட்டயே, ஐயா, போலீசைக் கூப்பிடட்டுமான்னு கேட்கிறதா?”

“சொல்லி வெச்சா, தெரியாம அடிச்சுட்டோம்னு நாளைக்கு அவங்க தப்பிக்க முடியாதுல்ல?”

“நாளைக்கு. சரி, இன்னைக்கு?”

கருவியைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். போகும்போது நெட்டையர் தொட்டிலில் கிடந்த குழந்தையின் காலை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை எனக்கு.

பிற்பகலில் தம்பி மறுபடி ஓடி வந்தான். இந்த முறை ஜீப் இல்லை, மிதப்பும் இல்லை. கையில் அவன் பெண்டாட்டி. நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்திருந்தோம், பனிக்குடம் உடைந்துவிட்டது.

“அண்ணி, பயமா இருக்கு,” என்றாள்.

“பிள்ளைக்கு அத்தைக்காரி நான் இருக்கேன், என்ன பயம்? படு.”

தம்பி உட்காரவே இல்லை. கூரையைப் பார்த்தான், படிக்கட்டைப் பார்த்தான். பிறகு என் காதருகே வந்தான். “அக்கா, வேற எடத்துக்குப் போயிடலாமா?”

“காலையில பத்திரமான எடம்னு சொன்ன வாய்தானே இது?”

“அப்ப இவ இங்க இல்லையேக்கா,” என்றான்.

பளாரென்று ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. இனி எங்கே நகர்த்துவது? முக்கும்மா, முக்கு என்று கத்தினேன். தூரத்தில் எங்கோ விழுந்த குண்டுக்கு ஜாடிகள் கடகடவென்று ஆடின. பெண் குழந்தை. வீரிட்டு அழுதது. கொடியை அறுத்து, துடைத்து, தம்பி கையில் கொடுத்தேன்.

அப்போதுதான் அவன் போன் சிணுங்கியது. அலுவலகத்திலிருந்து செய்தி. படித்தவனின் முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னடா?”

“அந்தப் பக்கத்திலேருந்து பதில் வந்திருக்காம். ‘இடம் குறித்துக்கொள்ளப்பட்டது. நன்றி.’”

அந்த ‘நன்றி’ என்னை உலுக்கிவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்கும் இதே நன்றி வந்திருக்குமா? கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினான்.

“எல்லாரும் எந்திரிங்க! குழந்தையை மட்டும் எடுங்க, வேற எதையும் தொடாதீங்க!”

தெருக்கோடியில் வாடகை நாற்காலிக் கிடங்கு ஒன்று உண்டு. பூட்டை உடைத்தான் தம்பி. நடக்க முடிந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். தம்பி பெண்டாட்டியைப் போர்வையில் கிடத்தி, குழந்தையை அவள் மார்பில் வைத்து, நானும் அவனும் தூக்கினோம். வெட்ட வெளிச்சம். தலைக்கு மேல் ஏதோ ஒன்று ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் எல்லோரையும் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினோம்.

கொஞ்ச நேரத்தில் தரை தூக்கிப் போட்டது. நாற்காலி அடுக்குகள் சரிந்தன. கதவிடுக்கில் பார்த்தேன். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் புழுதிதான் எழும்பிக்கொண்டிருந்தது.

தாய்மார் யாரும் அழவில்லை. அழுத குழந்தைகளின் வாயில் மார்பைத் திணித்தார்கள். தம்பியின் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. நெட்டையர் குரல், ஒரேயடியாகப் பதறிக்கொண்டு.

“என்னடா சொல்றாரு?”

“உயிரோட இருக்கீங்களான்னு கேக்குறாரு. இப்ப எங்க இருக்கீங்க, சொல்லு, உடனே ரெண்டு தரப்புக்கும் தெரிவிக்கணும்கிறாரு.”

தம்பி மகளைப் பார்த்தான். இன்னும் சரியாகக்கூடத் துடைக்காத தலை. பிறகு வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய் அந்த மொழியில் ஏதோ சுருக்கமாகச் சொன்னான்.

“என்ன சொன்ன?”

“உயிரோட இருக்கோம், இடத்தைச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்க்கா.”

வேலை போய்விடும் அவனுக்கு. போகட்டும். அந்தப் பக்கம் வெறும் கரகரப்பு. பிறகு நெட்டையர் மிக மெல்ல ஒரு வார்த்தை பேசினார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“என்னடா?”

“‘நல்லது. என்கிட்டயும் சொல்லாதே’ங்கிறாரு.”