எவர் கை வைத்தாலும்

உழவர்கரையில், ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்த சிறிய அறையில் திரு. கலைவாணன் அவர்கள் பில்லிங் இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்து வந்தார். இந்தச் சொற்றொடர் அவருடையதே. அவருடைய விளம்பரத் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. உண்மையில் அவர் செய்தது சற்று எளிமையான வேலை. ஒரு பெரிய கணினிக்குரிய இயங்குதளத்தை எடுத்து, கடைக்கு வேண்டாத விளையாட்டுகளையும் படம் பார்க்கும் வசதியையும் இன்ன பிறவற்றையும் கழித்துவிட்டு, பில் போடும் மென்பொருளை மேலே வைத்து, அனைத்தையும் ‘இமேஜ்’ என்னும் ஒரே அச்சாகப் பிடித்துக்கொள்வார். அந்த அச்சை எத்தனை இயந்திரங்களில் இறக்கினாலும் எல்லாம் ஒன்றுபோலவே விழிக்கும். விழித்ததும் முதலில் தெரிவது அவருடைய நிறுவனத்தின் சின்னம். அது திரையில் நிற்கும் நேரத்தை அவர் கொஞ்சம் கூட்டியே வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் கையில் பையுடன் நின்று அதைப் பார்க்க நேர்ந்தது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அவருக்கிருந்த குறை வேறு. அவ்வளவு பாடுபட்டுச் செய்த இயந்திரங்களைக் கடைசியில் மனிதர்கள் பயன்படுத்தினார்கள். கல்லாவில் உட்காரும் பெண்களும் பையன்களும் எண்ணெய்க் கையால் திரையைத் தொட்டார்கள். கேட்காத கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தினார்கள். அவர்களிடமிருந்து இமேஜைக் காப்பதற்காகவே அதன்மேல் ஒரு காவல் அடுக்கை அவர் போட்டு வைத்தார். பகலில் எந்த அமைப்பை மாற்றினாலும் அந்த மாற்றம் அடுக்கின்மேல்தான் படியும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அடுக்கு துடைபட்டு, அவர் கொடுத்த நாளில் இருந்தபடியே இயந்திரம் எழுந்திருக்கும். பில் கணக்குகள் மட்டும் தனியிடத்தில் பத்திரமாக இருக்கும்.

அமிர்தவல்லி அம்மையாரின் பலசரக்குக் கடையில் இயந்திரத்தை வைத்த அன்று, இதைப் பற்றி ஒரு சிற்றுரையே ஆற்றினார்.

“எவன் கை வெச்சாலும் சரி மேடம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாத்தையும் தொடைச்சுட்டு, நான் குடுத்த மாதிரியே வந்து நிக்கும்.”

அம்மையார் தலையசைத்தார். கல்லாவில் இருந்த துர்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கனகசெட்டிக்குளத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகிறவள். பில் போடும் வேகத்தில் அந்தக் கடையின் பாதி வரிசையைத் தனியாகவே கரைத்துவிடக் கூடியவள். கலைவாணன் அவளைக் கவனிக்கவில்லை. கல்லாவில் இருப்பவர்களைக் கவனிப்பது அவர் வழக்கமன்று.

சில மாதங்கள் கழித்து அம்மையார் ஒரு மாற்றம் கேட்டார். திரையின் ஓரத்தில் ‘பில் ரத்து’ என்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டுப் போன பிறகு அதை அழுத்தினால் விற்பனையே நடக்காததுபோல் ஆகிவிடும். பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. சேதராப்பட்டில் உறவினர் ஒருவர் கடையில் அப்படி நடந்ததாம். கல்லாவில் இருப்பவருக்கு அந்தப் பொத்தான் தெரிய வேண்டாம் என்றார் அம்மையார். கலைவாணன் வந்தார், தம் கடவுச்சொல்லைப் போட்டார், பொத்தானை எடுத்தார், காப்பி குடித்தார், போனார்.

மறுநாள் காலையில் பொத்தான் அங்கேயே இருந்தது.

மறுபடியும் வந்து எடுத்தார். மறுநாளும் அது திரும்பி வந்தது. மூன்றாம் முறை அழைப்பு வந்தபோது அவர் மிகுந்த பொறுமையோடு யோசித்தார். இயந்திரத்தில் தவறு இருக்க வழியில்லை, ஏனெனில் அதைச் செய்தவர் அவர். அவரிடமும் தவறு இருக்க வழியில்லை. அதற்குக் காரணம் தேவைப்படவில்லை. மிஞ்சியது துர்கா. தம் தோளுக்குப் பின்னால் நின்று கடவுச்சொல்லைப் பார்த்திருக்கிறாள், பொத்தானைத் தினமும் திரும்பக் கொண்டுவருகிறாள். எதற்கென்று சொல்லவும் வேண்டுமா? இதை அவர் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். வரிசையில் ஆட்கள் நிற்கையிலேயே, வருத்தம் தெரிவிக்கும் குரலில் அம்மையாரிடம் சொன்னார்.

துர்காவின் விரல்கள் நின்றன. கல்லாவில் கை வைத்தவள் என்று பெயர் வந்துவிட்டால் அந்தச் சாலையில் எந்தக் கடையும் அவளை வாசலில்கூட நிறுத்தாது. ஊருக்கு அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் பேருந்தில் போய்ச் சேரும். அவள் அழவில்லை; அது கலைவாணனுக்குச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

“அக்கா, நாளைக்கு நான் வரல,” என்றாள் அம்மையாரிடம். “காலைல சாரை வந்து பொத்தானை எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க. அதுக்கு மறுநாள் நீங்களே தொறந்து பாருங்க. பொத்தான் இல்லைனா நான் திருடி. இருந்துச்சுன்னா, இல்லாத நான் எப்படி வெச்சேன்னு சாரே சொல்லட்டும்.”

அம்மையார் அதை நியாயம் என்றார். கலைவாணனும் புன்னகையோடு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை பொத்தானை எடுத்துவிட்டு அறைக்குத் திரும்பியவர், வேறொரு கடைக்கான இமேஜைத் தயாரிக்க உட்கார்ந்தார். தேவையற்றதைக் கழித்தார். சின்னத்தை வைத்தார். கடைசியாகக் காவல் அடுக்கை இயக்கும் கட்டத்தில் குறியிடப் போனபோது அவர் கை அந்தரத்தில் நின்றது.

அமிர்தவல்லி அம்மையாருக்கு மின்கசிவு என்றால் பயம். தினமும் கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போவார். அடுக்கை விலக்காமல் செய்த மாற்றம் அத்தோடு போய்விடும். முதலில் அடுக்கை விலக்க வேண்டும், மாற்ற வேண்டும், பிறகு அடுக்கைப் போட வேண்டும். அதை அவர் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. எவர் கை வைத்தாலும் துடைத்துவிடும் என்று ஊரெல்லாம் சொன்னவருக்கு, அந்தக் கைகளில் தம் கையும் ஒன்று என்று தோன்றவே இல்லை. அடுக்கு முட்டாள்களுக்காகப் போடப்பட்டது. அது தன் வேலையைக் குறையின்றிச் செய்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதருக்கு வெட்கம் வருவது இயல்பு. திரு. கலைவாணனுக்குக் கவலை வந்தது. நாளைக் காலையில் பொத்தான் தெரிந்தால் அம்மையார் காரணம் கேட்பார். காரணம் வெளியே வந்தால் வேறு கடைகளில் சிரிப்பார்கள். துர்கா என்ன ஆவாள் என்பதும் அவர் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது, நின்றது, அவர் உட்காரச் சொல்லாததால் போய்விட்டது. இன்று கடை அடைப்பதற்குள் போய் அடுக்கை விலக்கி, மாற்றத்தை நிலையாக்கிவிட்டால் நாளை பொத்தான் இருக்காது. இயந்திரத்தின் மானம் தப்பும். கல்லாவுக்கு வேறொருத்தி கிடைப்பாள்.

மாலையில் கடைக்குள் நுழைந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அம்மையார் வழக்கம்போல் உள்ளே சரக்கறையில் இல்லை. துர்கா வராததால் அவரே கல்லாவில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லாவில் ஒருத்தி இல்லையென்றால் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார வேண்டியிருக்கும் என்பதைக் கலைவாணன் யோசித்திருக்கவில்லை.

சின்ன சர்வீஸ் என்றார். நாளைக்குப் பார்க்கலாமே என்றார் அம்மையார். இன்றே செய்தால்தான் இயந்திரத்துக்கு நல்லது என்று கலைவாணன் பணிவாக வற்புறுத்தினார். அம்மையார் எழுந்து சற்றே ஒதுங்கி நின்றார், போகவில்லை. அடுக்கை விலக்கும் கட்டளையைத் தட்டியாயிற்று. ஆனால் இயந்திரத்தை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால்தான் அது விலகும். வரிசை நீண்டுகொண்டிருந்தது. வேறு வழியின்றித் தொடங்கினார்.

திரை கறுத்தது. அவருடைய சின்னம் வந்து நின்றது. அவரே கூட்டி வைத்த நேரம் முழுவதும் அது நின்றது. பின்னர் பில் திரை விரிந்தது. ஓரத்தில், காலையில் அவர் தம் கையால் எடுத்த சிவப்புப் பொத்தான் இருந்தது.

அம்மையார் அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“துர்கா இன்னிக்கு வரலியே தம்பி.”

கலைவாணன் ‘சிஸ்டம்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அதில் ‘அப்டேட்’ என்ற சொல் இரண்டு இடங்களில் வந்தது. அம்மையார் அதை முழுவதும் கேட்டுவிட்டு, அன்றைக்கு நிறுத்திப் போட்டால் எல்லாம் துடைத்துவிடும் என்று சொன்னது அவர்தானே என்று கேட்டார். அப்படியானால் இப்போது எதற்கு, யாரும் அழைக்காமல், அவ்வளவு அவசரமாக வந்தார் என்று கேட்டார். அம்மையார் துர்காவுக்குத் தொலைபேசியில் இரண்டே வரி பேசிவிட்டு, முக்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“ஒக்காருங்க. அவ வரட்டும். நேத்து எல்லாருக்கும் கேக்கத்தான சொன்னீங்க, அதேமாதிரி சொல்லிட்டுப் போங்க.”

பேருந்து வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. துர்கா உள்ளே வந்தபோது வரிசை வாசல்வரை நின்றிருந்தது. கலைவாணன் எழுந்து, மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்தார். எதிர்பாராத தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்பட்ட ஒரு சிறு புரிதல் குறைபாடு என்றார். யாரால் ஏற்பட்டது என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடம் விடப்படவில்லை.

துர்கா அவரை முழுவதுமாகப் பார்த்தாள், தவறாக எடைபோட்ட பொட்டலத்தைப் பார்ப்பதுபோல.

“யாரு கை வெச்சாங்கன்னு கண்டுபுடிச்சீங்களா சார்?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கலைவாணன் வாயைத் திறந்தார். “நான்தான்,” என்ற சொல் வெளியே வந்தது. அம்மையாருக்குக்கூடக் கேட்டிருக்காது. அவள் மறுபடி கேட்கவில்லை. கைப்பையை மேசைக்கடியில் வைத்துவிட்டு இருக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

அவர் தள்ளி நின்றார்.